முதல் லாரி நம்பரும் என் தமிழ்ப்பற்றும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுல இருக்கற பழைய லேப்டாப்புல புதுசா ஆபரேட்டிங் சிஸ்டம் போடணும்.

லேப்டாப் என் நாத்தனார் கோகிலாவோடது. நாமக்கல்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ் வேலைக்கு அன்னிக்கு மூணு மணிக்கு அவளுக்கு ஆன்லைன்ல டைப்பிங் டெஸ்ட். ஆறு மாசமா அலைஞ்சு கிடைச்ச வாய்ப்பு. பழைய சிஸ்டத்துல அந்த டெஸ்ட் பக்கமே திறக்க மாட்டேங்குது.

"நாமக்கல் போயி பிரவுசிங் சென்டர்லயே எழுதிட்டு வாரேனுங்க நங்கை"ன்னா. அண்ணியை எங்க பரமத்தி வேலூர் பக்கம் நங்கைன்னுதான் கூப்பிடுவாங்க.

நான் விடுவேனா? நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். கல்யாணமாகி வந்த எட்டு வருசத்துல அதை எல்லாரும் மறந்துட்டாங்க. நான் மட்டும் மறக்கல.

"இந்த வெயில்ல எதுக்குடி பஸ் ஏறிட்டு? அரை மணி நேரத்துல போட்டுத் தாரேன். நீ போய் நிம்மதியா சாப்பிடு!"

பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சேன். எந்த நாடுன்னு கேட்டுச்சு, சொன்னேன். என்ன கீபோர்டுன்னு கேட்டுச்சு.

உலகத்துல இருக்கற அத்தனை மொழியும் வரிசையா நிக்குது. நடுவுல நம்ம தமிழ்! அதுக்குள்ள இன்னொரு வகை, 'தமிழ் எண்களுடன்'. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. தமிழ் எண்ணுல ஒண்ணுகூட எழுதத் தெரியாது. ஆனா பற்றுன்னு வந்துட்டா அதையெல்லாம் பாக்க முடியுங்களா? அமுக்கிட்டேன்.

கீழ 'அடிச்சுப் பாருங்க'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவளுக்கே பரிட்சையா? தாண்டிட்டேன்.

அடுத்து பேரு. ரேவதின்னு இங்கிலீஷ்ல அடிச்சேன். திரையில 'ஐஊவஅஏகன'ன்னு வந்துச்சு. சங்ககாலப் புலவர் பேரு மாதிரி கம்பீரமாத்தான் இருந்துச்சு. அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்.

அடுத்து பாஸ்வேர்டு. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், மாமனார் வாங்குன முதல் லாரியோட நம்பர். அந்த லாரியை வித்து வருசக்கணக்காச்சு. படம் மட்டும் பூஜை ரூம்ல முருகனுக்குப் பக்கத்துல மாலையோட இருக்கு. நம்பரை அடிச்சேன். புள்ளி புள்ளியா விழுந்துச்சு. இன்னொருக்கா அடின்னுச்சு, அடிச்சேன். ஒத்துக்குச்சு.

ஆடி அசைஞ்சு ரீஸ்டார்ட் ஆகறப்ப மணி ரெண்டு. 'வணக்கம் ஐஊவஅஏகன'ன்னு வரவேற்பெல்லாம் பலமாத்தான் இருந்துச்சு. நம்பரை அடிச்சேன். தப்புன்னுச்சு.

மறுபடி அடிச்சேன். தப்பு!

நான் கீபோர்டைத் தட்டுன சத்தம் கேட்டு மாமனார் வந்தாரு. "என்ன சாமி, வண்டி ஸ்டார்ட் ஆவலையா?"

"நம்பரு தப்புங்குதுங்க மாமா."

"எந்த நம்பரு?"

"நம்ம முதல் லாரி நம்பருதானுங்க."

அவருக்கு மூஞ்சி செவந்துருச்சு. "கேரளாவுக்கு முட்டை லோடு அடிச்ச வண்டி சாமி அது! ஒரு செக்போஸ்ட்டுல தப்புன்னு சொன்னதில்ல. இது சொல்லுதா?"

நேரா பூஜை ரூமுக்குப் போயி படத்தை மாலையோட தூக்கிட்டு வந்துட்டாரு. நம்பர் பிளேட்டு மேல இருந்த குங்குமத்தைத் துண்டுல தொடச்சு, ஒவ்வொரு நம்பரா சத்தமா படிச்சாரு. நான் அடிச்சேன். தப்பு. கண்ணாடி போட்டுப் படிச்சாரு. அப்பவும் தப்பு. ரெண்டாவது லாரி, மூணாவது லாரி, கூட்டு சேந்து ஓட்டுன போர்வெல் ரிக் வண்டின்னு எல்லா நம்பரையும் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுக்கும் அசையல.

மணி ரெண்டே முக்கால்.

"இனி நாமக்கல் போயிச் சேர முடியாதுங்க நங்கை," ன்னா கோகிலா. அவ்வளவுதான். கண்ணுல தண்ணி நின்னுச்சு. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட பரவால்ல. ஒரு புள்ள பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே!

கண்ணைத் தொடச்சுட்டு அவ திரையைப் பாத்தா. "ஏனுங்க நங்கை, இது யாருங்க ஐஊவஅஏகன?"

"நாந்தான்," ன்னேன்.

"நீங்களா?"

தமிழ்ப்பற்றுக் கதையை முழுசா ஒப்பிச்சேன். அவ அந்தப் பேரை இன்னொருக்கா படிச்சா. "பேரே இந்தக் கோலத்துல வந்திருக்குதுன்னா, நம்பரு எந்தக் கோலத்துல போயிருக்குமுங்க?"

திரை மூலையில பாத்தா கீபோர்டு இங்கிலீஷ்ல இருக்கு; நான் பாஸ்வேர்டு போட்டதோ தமிழ் எண்ணுல. கோகிலா அதைத் தமிழுக்கு மாத்திட்டு, அதே முதல் லாரி நம்பரை அடிச்சா. கதவு மாதிரி திறந்துக்குச்சு! திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தி டெஸ்ட் பக்கத்துக்குள்ள போறப்ப மணி மூணுக்கு ரெண்டு நிமிசம். அப்புறம் அவ அடிச்ச வேகத்துக்கு கீபோர்டு பொழைச்சதே பெரிசு.

புதன்கிழமை போன் வந்துச்சு. வேலை கிடைச்சிருச்சு! கோகிலா என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மாமனார் தேங்கா உடைச்சாரு. முருகனுக்கு இல்லீங்க, லாரி படத்துக்கு. "நம்பரு சரின்னு நான் அப்பவே சொன்னனா இல்லையா?"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு.

எனக்கும் ஒரு சில்லு தேங்கா கொடுத்தாரு. கொடுத்துட்டு மெதுவா சொன்னாரு.

"இனிமே லேப்டாப்பைத் தொடோணும்னா, கோகிலாகிட்ட பர்மிட் வாங்கிட்டுத் தொடு சாமி."