எனக்குந்தான்காரரும் ஒரு மஞ்சள் பந்தும்

கொசுவுக்கு அடுத்தபடியாக வேலை செய்யும் இடங்களில் அதிகம் தென்படும் உயிரினம் எது என்று என்னைக் கேட்டால், எனக்குந்தான்காரர் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். கொசுவாவது கடிப்பதற்கு முன் காதருகே வந்து தகவல் சொல்லும். இவர் நேராகத் தோளில் கை போட்டுவிடுவார்.

அடையாளம் காண்பது சுலபம். அவரிடம் தலைவலி என்று சொல்லிப் பாருங்கள். "எனக்குந்தான்! அதுவும் ஒரு பக்கமா..." என்று ஆரம்பித்து, அந்த வலி எந்த வருஷம் எந்தப் பேருந்தில் தொடங்கியது, எத்தனை டாக்டர்கள் கையை விரித்தார்கள், மைத்துனர் கொடுத்த தைலம் எப்படிக் கண்ணில் பட்டுத் தொலைத்தது என்பது வரை சொல்லி முடிக்கும்போது, உங்கள் தலைவலி கூச்சப்பட்டு எழுந்து போயிருக்கும். உங்கள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தாரா? இவருடைய மாமியார் மாடியிலிருந்தே உருண்டவர். உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? இவர் கண்மூடி ஆறு வருஷம் ஆகிறது. கூட்டங்களில் குறட்டை விடுவது வேறு விஷயம்.

ஆனால் ஐயா, மனுஷர் சத்தியமாக நல்லவர். கெட்டவராக இருந்தால் பாதியில் எழுந்து போய்விடலாமே!

இப்படிப்பட்ட ஒருவரிடம் அடுத்தவர் மனக்குறையைக் கேட்கும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் கிடங்கில் கொடுத்தார்கள். ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு நாள் உதித்தது. 'தோளோடு தோள்' என்று குழுவுக்குப் பெயர் வைத்து, எங்கள் எனக்குந்தான்காரரை ஒருங்கிணைப்பாளராக்கி, இரண்டு நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அவர் ஒரு சான்றிதழ், ஒரு பெட்டி டிஷ்யூ, மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து ஆகியவற்றோடு திரும்பினார். புதன்கிழமை மூன்றரை மணிக்கு இரண்டாம் மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். இதுதான் விதி.

முதல் புதன்கிழமை பந்து பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அக்காவிடம் போனது.

"என் பொண்ணு ஒரு மாசமா என்கிட்ட முகம் குடுத்தே பேச மாட்டேங்குறா..."

"அந்தப் பந்தை ஒரு நிமிஷம் குடுங்கம்மா," என்றார் ஒருங்கிணைப்பாளர். "எனக்குந்தான்!"

பந்து திரும்பி வந்தபோது மணி நாலே கால். எல்லாரும் கை தட்டினோம். 'மனம் லேசானதா?' என்ற படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு, மாடிப்படியைப் பார்த்து ஓடினோம்.

எங்கள் குழுவில், சரக்குத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். பதினெட்டு வருஷமாக அதே வண்டி. ஊசி நுழையாத இடத்தில் ஒரு ஆள் உயரப் பெட்டி அடுக்கைக் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிப் போவார். மூன்று வாரம் பந்தை வாங்கி, உருட்டிப் பார்த்து, பக்கத்தில் கொடுத்துவிட்டார். நாலாவது வாரம் வாயைத் திறந்தார்.

"எனக்குக் கொஞ்ச நாளா காது..."

"எனக்குந்தான்! பந்தைக் குடுங்க. சின்ன வயசுல நீச்சல் கத்துக்கப் போனேன் பாருங்க, அப்போ உள்ள போன தண்ணி..."

அந்தத் தண்ணீர் வடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அடுத்த புதன், அதற்கடுத்த புதன், அதே பார்வை, அதே தலையாட்டல். ஒருங்கிணைப்பாளர் உருகிப்போனார். இத்தனை வருஷத்தில் தன்னை இப்படி யாரும் கேட்டதில்லை என்று கண்கலங்கினார். மாதக் கடைசியில் 'காது கொடுத்துக் கேட்பவர்' என்று ஒரு விருதை உண்டாக்கி, மேனேஜரை வரவழைத்து, அதை அண்ணனுக்கே அறிவித்தார்.

அன்றைக்கென்று போட்ட சின்ன மேடை, வட்டத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் பின்பக்கம் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"பாருங்க, என்ன அடக்கம்!" என்று மேனேஜரே இறங்கி வந்து விருதுக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தார். நாங்கள் கை தட்டினோம்.

பேக்கிங் அக்கா மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்து நாங்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணனுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னிக்குக் காதுன்னு என்னமோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்க."

அப்புறம் அக்கா ஒரு காரியம் செய்தார். இரண்டு மாதமாக அந்த அறையில் யாருமே செய்யாத காரியம். சும்மா இருந்தார்.

அண்ணன் கையிலிருந்த விருதுக் காகிதத்தைச் சுருட்டினார், பிரித்தார். "சுத்தமா கேக்கலம்மா. வாயைப் பாத்துத்தான் சமாளிக்கிறேன். போன வாரம் வண்டியைப் பின்னால எடுத்தேன். சரக்கு எண்ணுறவரு கத்தியிருக்காரு, எனக்குக் கேக்கல. அவரு காலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான். வெளிய சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. வண்டி இல்லேன்னா இங்க நான் யாரு?"

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி, மடித்து, அவர் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "காலையில மேனேஜர்கிட்ட நாம ரெண்டு பேரும் போவோம்," என்றார்.

போனார்கள். வண்டியை வாங்கிக்கொண்டார்கள். அது அவருக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது. இப்போது காதில் கருவி மாட்டிக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் முழுசாகக் கேட்டு முடிக்கிறவரை காத்திருக்கிறாராம். ஒருங்கிணைப்பாளர் இதைத் தன் ஆண்டறிக்கையில் குழுவின் முதல் வெற்றியாகச் சேர்த்திருக்கிறார். 'காதுப் பிரச்சினையைக் குழுவில் விரிவாகப் பேசியது நான்தான்' என்று ஒரு வரியும் உண்டு. மறுக்க முடியுமா?

நீங்கள் அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சரக்கு எண்ணுகிறவன் நான்தான்; சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்ற அந்தக் கால் என்னுடையது. அதற்கு ஒரு மாதம் முன்பே, தண்ணீர்க் குழாயடியில் அண்ணன் என்னிடம், "தம்பி, காது சரியா கேக்க மாட்டேங்குது" என்று சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எனக்குந்தாண்ணே, இந்த மிஷின் சத்தத்துல யாருக்குக் கேக்குது!" என்று சிரித்துவிட்டுப் பாட்டிலை மூடிக்கொண்டு போனேன்.

அது சரி, இதைப் படித்ததும் பக்கத்திலிருப்பவரிடம் திரும்பி, "எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்காரு" என்று சொல்ல வாயெடுத்தீர்கள் அல்லவா? பக்கத்திலிருக்கும் அவர்தான் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பந்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.