சர்வீஸ் பிரிவில் ஒரே ஒரு வரி

ஜூலை நான்காம் தேதி அமெரிக்கா சுதந்திரம் வாங்கியது. ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடம் கழித்து, அதே தேதியில் நானும் வாங்கப் பார்த்தேன்.

அன்று டாலஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் நூற்று மூன்று டிகிரி. புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நின்றபோதுதான் அந்த முடிவு பிறந்தது. இந்த வருடம் அசோசியேட் புரொபசர் பதவிக்கு விண்ணப்பித்தே தீருவது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சேனாபதி. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். என் கைக்கு அடங்கிய ஒரே சேனை, சனிக்கிழமை பொரியலுக்கு நான் தோல் சீவும் சேனைக்கிழங்கு. அதுவும் கையை அரிக்கும். டாலஸில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பதினோரு வருடமாக அசிஸ்டென்ட் புரொபசர். நான் பெத்தாலஜிஸ்ட். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிறவன். நோயாளியின் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. யாரும் எதிர்த்துப் பேசாத வேலையாகத் தேடிப் பிடித்தேன் என்று என் மனைவி கண்மணி சொல்வாள்.

கண்மணி சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். எட்டு ஊர்களில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரை எங்கள் சாப்பாட்டு மேஜையிலிருந்தே வேலை வாங்குகிறவள். நாற்பத்தொன்றாவது ஆள் நான்.

எனக்கு நாலு வருடம் கழித்து எங்கள் துறையில் சேர்ந்த கிரீஷ் போன வருடமே அசோசியேட் ஆகிவிட்டான். கேக் வெட்டினார்கள். நானும் கை தட்டினேன். கேக்கும் சாப்பிட்டேன். அன்று முழுக்க அது நெஞ்சிலேயே நின்றது.

மெஷினை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். கண்மணிக்கு ஏக சந்தோஷம். நாலு வருடமாக அப்ளை பண்ணுங்க, அப்ளை பண்ணுங்க என்று சொல்லி அலுத்துப்போனவள் அவள். இது லேசான காரியமில்லை, பெரிய ஃபைல் தயார் பண்ண வேண்டும், தனிமை வேண்டும் என்று விளக்கினேன். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அள்ளிக் கொடுத்தாள். புல் வெட்ட வேண்டாம். சாமான் வாங்க காஸ்ட்கோ போக வேண்டாம். பாத்திரம் எடுத்து வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மகள் வான்மதியைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

"ஃபைல் போற வரைக்கும் மாடி ரூம் உங்களுது. நாங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டோம்," என்றாள்.

எட்டு வாரம் உண்மையாகவே உழைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். முப்பத்தொரு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பட்டியல் போட்டேன். மாணவர்கள் எனக்குப் போட்ட மதிப்பெண்களைத் தோண்டி எடுத்தேன். 'மெதுவாகப் பேசுவார், நல்ல தூக்கம் வரும்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். இதற்கு மேல் ஆறு பரிந்துரைக் கடிதங்கள். அதில் ஒரு விசித்திரமான விதி உண்டு. என்னோடு பழகாத ஆறு பேர் என்னைப் பற்றி உயர்வாக எழுத வேண்டும். பழகியவர்கள் எழுதினால் செல்லாது. இந்த விதியைப் போட்டவர் கல்யாணம் ஆனவராகத்தான் இருப்பார்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. கல்லூரியின் இணையதளத்தில் ஃபைலை ஏற்றி, அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தினேன். பதினோரு வருடப் பாரம் இறங்கியது. சொல்லலாம் என்று மாடிப்படியில் இறங்கினேன்.

கீழே கண்மணி அப்போதுதான் புல் வெட்டிவிட்டு வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் போன். ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். பாதித் தோட்டம் பாக்கி இருந்தது.

"எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டாள்.

முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று வந்தது. நான் சொல்லவில்லை. டெக்சஸ் வெயில் சொல்ல வைத்தது.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் வாழ்ந்த வாழ்க்கையை எந்த ராஜாவும் வாழ்ந்திருக்க மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு பழைய டெஸ்ட் மேட்சுகளைப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் தூங்கினேன். நடுநடுவே எழுந்து கீபோர்டைப் படபடவென்று தட்டிவிட்டு மறுபடி தூங்கினேன். மோர் மாடிக்கே வந்தது. ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று வான்மதி, "அப்பா, ஆர் யூ ஸ்னோரிங்?" என்று கேட்டாள். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன் என்றேன். என் எழுத்தின் தரம் தெரிந்தவள்போல, "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் நடுவில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கண்மணி சாதாரணமாக ஆரம்பித்தாள். எங்கள் கல்லூரியின் பதவி உயர்வுக் கையேட்டை இறக்கிப் படித்துவிட்டாளாம். அறுபத்திரண்டு பக்கம். ஒன்பதாம் பக்கத்துக்கு மேல் நானே படித்ததில்லை. ஆராய்ச்சி, கற்பித்தல், சேவை என்று மூன்று பிரிவு இருக்கிறது, முதல் இரண்டும் பரவாயில்லை, மூன்றாவதுதான் அவளுக்குக் கவலையாக இருக்கிறது என்றாள்.

"சர்வீஸ் பிரிவுல என்ன போட்டிருக்கீங்க?"

"ஒரு வரி இருக்கு."

"என்ன வரி?"

"ரெண்டாயிரத்துப் பதினாறு. டிபார்ட்மென்ட் பிக்னிக் கமிட்டி மெம்பர்."

"அப்புறம்?"

"அந்த வருஷம் மழை. பிக்னிக் நடக்கல."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு ரசம் ஊற்றினாள். "ஃபைல் இன்னும் போகல இல்லீங்க? நல்லதாப் போச்சு. சேர்த்துக்கலாம்," என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு இரண்டே வழி. ஒன்று, உண்மையைச் சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போவது. இன்னொன்று, தலையாட்டுவது. ஒரு தலையாட்டலில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஆட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு கோயில் மண்டபத்தில் இலவச ரத்த அழுத்த முகாமில் உட்கார்ந்திருந்தேன். உயிருள்ள நோயாளியை நான் தொட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அவர்கள் அசைவார்கள், கேள்வி கேட்பார்கள் என்பதே மறந்துவிட்டது. முதலில் வந்தவர் சந்தானம் அங்கிள். பக்கத்து ஊர் பிளேனோவில் மகன் வீட்டில் இருப்பவர். பட்டையை அவர் கையில் சுற்றும்போது, தம்பி எதற்கு டாக்டர் என்று விசாரித்தார். சதையை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன் என்று சொன்னேன்.

"அப்ப கைய விடுங்க தம்பி," என்றார்.

ரத்த அழுத்தம் நூற்று அறுபது காட்டியது. அதில் இருபது என்னால் ஏறியது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. வான்மதியைக் கொண்டுபோய் விட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே தலைமை ஆசிரியை தாமரைச்செல்வி, கிரீஷின் மனைவி, கையில் சாக்பீஸோடு காத்திருந்தாள். "அண்ணா, கண்மணி சொன்னா. ரெண்டாம் வகுப்பு உங்களுக்குத்தான்," என்றாள். பன்னிரண்டு குழந்தைகள். ல, ள, ழ மூன்றையும் பலகையில் எழுதினேன். கவின் என்று ஒரு பொடியன், "ஒய் த்ரீ?" என்று கேட்டான். முப்பத்தொரு கட்டுரை எழுதியவனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். ஆக, அடுத்த வாரமும் போக வேண்டியதாயிற்று.

பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர். முதியோர் இல்லத்தில் சர்க்கரை நோய் பற்றி உரை. தீபாவளி விழாவில் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு கார் நிறுத்தம். கார் நிறுத்துவதற்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தேன். சமூக சேவை என்றால் சமூகம் எங்கே நிற்கிறதோ அங்கே போக வேண்டும் என்று கண்மணி சொல்லிவிட்டாள். அன்று கிரீஷ் புதுக் காரில் வந்து கண்ணாடியை இறக்கி, எங்கே நிறுத்துவது என்று கேட்டான். மைதானத்திலேயே தொலைவான மூலையைக் காட்டினேன். அந்தச் சேவை மட்டும் மனப்பூர்வமாகச் செய்தது.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு திட்டம் போட்டேன். நேராகக் கீழே இறங்கி வந்து, ஃபைலை இன்றைக்கு அனுப்பிவிட்டேன் என்று அறிவித்தேன். பொய்யைப் பொய்யால் அடைத்துவிட்டு, சனி ஞாயிறை மீட்டுவிடலாம் என்று கணக்கு. கண்மணி மனதாரப் பாராட்டினாள். கேசரி கிளறினாள். ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பிப்ரவரியில் கமிட்டி கூடும் வரைக்கும் புதுத் தகவல்களை அனுப்பலாம் என்று அதில் போட்டிருக்கிறதாம்.

கேசரியைத் தள்ளி வைக்கவும் முடியவில்லை. முந்திரி வேறு நிறையப் போட்டிருந்தாள்.

டிசம்பரில் அந்தக் கூடுதல் தகவலை அனுப்ப என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். சான்றிதழ்களை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். எனக்கு வேறு பயம். இணையதளத்தைத் திறந்தால் வலது மூலையில், 'விண்ணப்பம் வந்து சேர்ந்த நாள் ஆகஸ்ட் 29' என்று கொட்டை எழுத்தில் நிற்கும். திறப்பதற்கு முன்பே ஒரு மஞ்சள் ஒட்டுக்காகிதத்தை எடுத்துத் திரையின் அந்த மூலையில் ஒட்டினேன். கண் கூசுகிறது என்றேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் டாக்டரிடம் நேரம் வாங்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரியில் கமிட்டி கூடியது. அதன் பிறகு நான் எங்கும் போக வேண்டியதில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குள் அந்தப் பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்பது பேருக்கு ழ வந்துவிட்டிருந்தது. மீதி மூன்று பேரை விட்டுவிட மனம் வரவில்லை. சந்தானம் அங்கிள் வேறு, என் கையால் பார்த்தால்தான் அழுத்தம் சரியாகக் காட்டுகிறது என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தார். நானாகவே போய்க்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. கல்லூரி வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்து படித்தேன். ஆராய்ச்சி, போதுமானது. கற்பித்தல், திருப்தி. சேவை, மிகச் சிறப்பு. மைக்ராஸ்கோப்பை விட்டு வெளியே வந்து மக்களிடம் இவ்வளவு பழகும் பெத்தாலஜிஸ்ட் அபூர்வம் என்று கமிட்டி எழுதியிருந்தது. அசோசியேட் புரொபசர் ஆகிவிட்டேன். ஃப்ரீவேயில் வீடு வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கண்ணீர் இரண்டு முறை கண்ணை மறைத்தது.

மறுநாள் காலை சமையலறையில் கண்மணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மனம் உறுத்தித் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதியே அனுப்பியது, மாடியில் தூங்கியது, மஞ்சள் காகிதம் எல்லாம்.

அவள் தோசையைத் திருப்பினாள். "தெரியுங்க," என்றாள்.

"எப்போ தெரியும்?"

"ஃபார்ம்ல ரெண்டாவது ஈமெயிலா நம்ம வீட்டு ஈமெயிலைக் குடுத்திருந்தீங்க. விண்ணப்பம் கிடைச்சுதுன்னு உடனே மெயில் வந்துருச்சு. நீங்க படி இறங்கறதுக்குள்ள படிச்சுட்டேன். அதனாலதான் எப்படிப் போகுதுன்னு கேட்டேன்."

நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேட்டிருப்பீங்க. சொல்லாததால முப்பது ஞாயித்துக்கிழமை கிடைச்சுது."

அந்தக் கையேட்டை அவள் இரண்டு வருடத்துக்கு முன்பே படித்துவிட்டாளாம். சர்வீஸ் இல்லாமல் நான் தேற மாட்டேன் என்று அப்போதே தெரியுமாம். சாதாரணமாகச் சொன்னால் நான் அசைய மாட்டேன் என்பதும் தெரியுமாம். நானாக ஒரு பொய் சொல்லுவதற்காகத்தான் காத்திருந்தாளாம். தட்டில் தோசையைப் போட்டு என் முன்னால் வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை. என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். உண்மையாகவே பெருமைப்பட்டாள் என்று அந்தக் கையிலேயே தெரிந்தது.

அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நிமிர்ந்தேன். வெளியே புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, இனிமேல் நான் அசிஸ்டென்ட் இல்லை, அசோசியேட், அதற்கேற்ற மரியாதை எங்கும் கிடைக்க வேண்டும் என்றேன்.

"அது காலேஜ்லங்க," என்றாள் கண்மணி. "வீட்டுல நீங்க இன்னும் அசிஸ்டென்ட்தான். இங்க தனியா அப்ளை பண்ணணும்."

கடைசித் தேதி எப்போது என்று கேட்டேன். போன மாதமே முடிந்துவிட்டதாம்.