அடுப்பு இன்ஸ்பெக்டரின் கட்டில்

கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் அடுத்தவர் அடுப்பில் கைவைக்கும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று நம்பியவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் அடுப்பு இன்ஸ்பெக்டர். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்துக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், தனியாக இருந்த அக்கா. எந்த வீட்டுக் கூரையில் புகை கறுப்பாகப் போனாலும் சேலையைச் செருகிக்கொண்டு அங்கே போய் நிற்பார். கேட்பதெல்லாம் கிடையாது, நேரே குனிந்து கொள்ளியை உருவுவார்.

கங்காணி வீட்டு விருந்தில் பருப்பு கொதிக்கிற நேரம் பார்த்து, "ஈர வெறகு" என்று அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டார். விருந்தாளிகள் வேகாத பருப்பை மென்றார்கள். இதைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் அவரிடம் இருந்தது அருமையான விறகு. தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கியபோது பொறுக்கிய தூர்கள், வேரோடு வந்த அடிக்கட்டைகள். ஒன்று பற்றினால் விடியும்வரை தணல் நிற்கும். அவற்றை அடுக்கி, மேலே பலகை போட்டு, கட்டிலாக்கிப் படுத்திருந்தார். கோயில் திருவிழாவுக்குக் கேட்டபோது, "படுக்கையப் புடுங்கிப் பொங்கல் வைக்கவா?" என்றார். சாமிக்கே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருடம், அடைமழையில் என் மனைவி கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து குறைமாதக் குழந்தையோடு வந்தாள். பிள்ளைக்குக் குளிர் படவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் றப்பர் விறகை அடுக்கி, எல்லோரும் செய்வதுபோல ஒட்டுப்பாலைச் செருகிப் பற்றவைத்தேன். மரத்தில் வடிந்து காய்ந்த றப்பர் பால் அது. மழையிலும் பற்றும், ஆனால் டயர் எரிந்த மாதிரி புகையும். குழந்தை இருமியது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"அனே, பச்சப் புள்ளைக்குக் கொசுவுக்குப் போடுற மாதிரி பொகை போடுறியே தம்பி."

"எங்க வீட்டு அடுப்பு அக்கா. நாங்க பாத்துக்கிறோம்."

"நீ பாத்தது போதும். நவுரு."

என் விறகு முழுவதும் மழையில் போய் விழுந்தது. நான் வெட்டி, நான் சுமந்த விறகு. வாய் தடித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அறை கதகதவென்று இருந்தது, புகை இல்லை. அடுப்பின் பின்பக்கம் பெரிய தூர் ஒன்று சாய்ந்திருந்தது, முன்னால் தணல் சாம்பலுக்குள் மூடிக் கிடந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மழை விடும்வரை தினமும் தூர் வந்தது. "ஊதாத, கிண்டாத" என்ற அதட்டலும் கூடவே வந்தது.

மழை விட்டதும், என் விறகுக்கு நியாயம் கேட்டே தீருவது என்று அவர் காம்பராவுக்குப் போனேன். பலகை சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு தூர்கூட இல்லை. ஈரத் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார்.

"என்னா தம்பி, புள்ள முழிச்சிருச்சா?"

"இல்லக்கா, தூங்குது."

"அப்ப எதுக்கு இங்க வந்து நிக்கிறே? தணலப் போய்ப் பாரு."

இப்போது அவர் ரம்புக்கனையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. எவ்வளவு நேரம் எரிந்தாலும் ஒருவரும் உள்ளே வந்து திட்டுவதில்லை. இதைவிட அநியாயம் உண்டா?