மச்சானின் மண்டலங்கள்

திரையில் வேகம் மறுபடியும் இறங்கியதைப் பார்த்ததும் சோதனைப் பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஸ்டோரிலிருந்து வரவழைத்துச் சோதிக்க வேண்டியது, மச்சான் வடிவமைத்த சேமிப்பு அட்டை. மனைவியின் அண்ணன் என்பதோடு நிற்கவில்லை. அவர்தான் மேலதிகாரி, இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

அது மண்டல வகை ஃபிளாஷ் நினைவகம். உள்ளே இடம் மண்டலம் மண்டலமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் தொடக்கத்திலிருந்து வரிசையாகத்தான் எழுத வேண்டும். நடுவில் ஒரு எழுத்தை மாற்ற நினைத்தாலும் மண்டலம் முழுவதையும் துடைத்தாக வேண்டும். இந்த ஒழுங்கினால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று மச்சான் முதலாளியிடம் அடித்துச் சொல்லியிருந்தார். மேசைமேல் கிடந்த அட்டையோ தூங்கி வழிந்தது.

பொறியாளர் ஒரே நேரத்தில் பல மண்டலங்களைத் திறந்து எழுதிப் பார்த்தார். அட்டை திணறி, இருந்த வேகமும் பாதியானது. சூடுதான் காரணம் என்று மின்விசிறியை நெருக்கி வைத்தார். அதன் அதிர்வில் கம்பி கழன்று, அதுவரை அளந்ததெல்லாம் போயிற்று. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அட்டை படுத்தேவிட்டது. எழுந்தபோது முன்னைவிட மந்தம்.

மனைவி போனில் வந்தாள்.

"எங்கண்ணன் ரெண்டு வருஷமா இதுக்காகத் தூக்கத்த விட்டிருக்கு. கொஞ்சம் நல்ல நம்பரா குடுங்க."

"நம்பர நானா குடுக்கறேன்? அது குடுக்கறத எழுதறேன்."

"அப்ப சாப்பாடும் அதுவே போடும்." வைத்துவிட்டாள்.

பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும். விரல் விசைவரை போனது. அழுத்த மனம் வரவில்லை. மச்சானிடம் உள்ளதைச் சொன்னார்.

மச்சான் கத்தவில்லை. திரையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும், மாப்ள."

எழுந்துபோய், திட்டம் தோற்றுவிட்டது, நானே விலகிக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி தடுக்கவில்லை. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு ஆர்டரை ரத்து செய்துவிட்டு, பிரிவையே மூடுவதாகவும் அளந்தவரும் கிளம்பலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

இருவரும் பெட்டிகளில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.  

கதவருகே ஸ்டோர்காரம்மா வந்து நின்றார்.

"சார், ஒப்பிட்டுப் பாக்கறதுக்குப் போட்டிக் கம்பெனி அட்டை ஒண்ணு அனுப்பினேனே, அளந்து முடிச்சாச்சுன்னா குடுத்துட்டு உங்க அட்டைய வந்து வாங்கிக்குங்க; அந்தப் பொட்டிய இன்னும் பிரிக்கக்கூட இல்ல."