துண்டுக்கடியில் முடிந்துபோன என் பிரெஞ்சு

போடிநாயக்கனூர்
மே, 1955

அன்புள்ள ராஜாத்தி சித்திக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், சித்தப்பாவிடம்கூட வேண்டாம். அவர் வாசித்தால் மறு தபாலிலேயே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். என் சுகம் இன்று மத்தியானம் வரை நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், விளக்குத் திரியைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புதுச்சேரியில் உங்கள் வீட்டில் என்னை விட்டு அப்பா எதற்காகப் பிரெஞ்சு படிக்க வைத்தார் என்று உங்களுக்குத் தெரியும். தரகர் இல்லாமல் பிரெஞ்சு வியாபாரிக்கே நேராக ஏலக்காய் விற்க வேண்டும், நான் நடுவில் நின்று பேச வேண்டும். அந்த வியாபாரி இன்று ஜீப்பில் வந்தே விட்டார். ராத்திரிக்கு எங்கள் மாடியில்தான் தங்கல். எங்கள் ஏலக்காய்க் கடை நிறைய ஆட்கள். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துட்டா புள்ள" என்று தரகர் பால்சாமி மாமா சிரித்தார்.

நான் பேசும் முறை வந்தது சித்தி. மேல்வகுப்பில் நாங்கள் படித்ததெல்லாம் கைவிடப்பட்ட ராணிகளின் புலம்பலும் இலையுதிர்காலமும்தானே. ஈரக் காய்க்கும் எடைக்கும் பிரெஞ்சில் என்ன என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதனால், "ஐயா, தங்கள் வருகை இம்மலைகளின் துயரத்தை ஆற்றுகிறது" என்று தொடங்கினேன். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் உதிரும் இலைகளுக்கு வருவதற்குள் அப்பா தோள்துண்டை நீட்டினார், அவரும் கையை உள்ளே விட்டுவிட்டார்! நம்மூரில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களே, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தானே பேசுவார்கள், அந்த வித்தையை எந்தச் சந்தையில் பழகினாரோ. இரண்டு தலையாட்டலில் வியாபாரம் முடிந்தது.

"அண்ணே, பாப்பா சொன்னது ஜெபமா?" என்றார் பால்சாமி மாமா.

"வெரலு போதும்னு தெரிஞ்சிருந்தா ஒன்ன அம்புட்டுத் தூரம் விட்டிருக்க மாட்டேன் ஆத்தா. கடைசி வருசப் படிப்பு வேணாம், வீட்லயே இரு" என்றார் அப்பா.

எனக்குக் கான்வென்ட்டில் மதர் எடுக்கும் பிரெஞ்சு வகுப்பு ஞாபகமாகவே இருக்கிறது. அப்பா என் பெட்டியில் போட்டனுப்பும் ஏலக்காயால் கட்டுரைத் தாளெல்லாம் மணக்கும்; மதர் திருத்துவதற்கு முன் ஒருதரம் மோந்து பார்ப்பார். முதல் வருஷம் அழுதுகொண்டே உட்கார்ந்த அந்தப் பெஞ்சை நினைத்து இப்போது அழுகிறேன். பிள்ளையை அனுப்பி வையுங்கள் என்று நீங்களாக எழுதினால் அப்பா தட்ட மாட்டார். நான் கேட்டதாக மட்டும் தெரியக் கூடாது. சித்தப்பாவுக்கும் தம்பிமாருக்கும் ஆண்டவர் துணை

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அப்பா!

"புஷ்பா! எந்திரி ஆத்தா, வெரசா வா! மாடியில வெள்ளக்காரரு வயித்தப் பிடிச்சுக்கிட்டு என்னமோ கத்துறாரு, ஒருத்தருக்கும் ஒரு எழவும் வெளங்கல!"

பி.கு. வயிற்றுவலிக்கு விரல் போதவில்லை, இனி அப்பாவுக்கு எழுத வேண்டாம் சித்தி. மதரிடம் மட்டும், நான் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.