பீரோவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கை

மைதா மாவு அடிப்பிடித்துவிட்டது. பிரின்ஸ் அடுப்பை அணைத்துவிட்டு போனை முறைத்தான். "குழந்தைகளோடு பத்தே நிமிடத்தில் வீட்டிலேயே பெயிண்ட்" என்று வீடியோவில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் மட்டும் கையில் கிடைத்தால்!

"அப்பா, இன்னும் ஆவலையா?" நான்கு வயது பென்னி கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினான்.

"வாரேம்லே! உயிர எடுக்காத."

நாளைக்கு மகள் எப்சிபா ஒன்றாம் வகுப்புக்கு ஒரு படம் கொண்டுபோக வேண்டும். கடைப் பெயிண்ட் கூடாதாம். மனைவி கிறிஸ்டி வேறு ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போதே எச்சரித்திருந்தாள்.

"நாலு மணிக்கு வீட்டுக்கார அண்ணாச்சி வாராவ. செவுத்தப் பாத்துட்டுத்தான் அடுத்த வருசம் இருக்கலாமான்னு சொல்லுவாவ. தென்காசியில இப்படி வீடு இனிமே கெடைக்காது, பாத்துக்கிடுங்க."

வீட்டுக்காரர் நமசிவாயம் குடிவந்த அன்றே இரண்டு கட்டளை போட்டவர். சுவரில் கறை படக்கூடாது. ஹாலில் நிற்கும் அவருடைய மரப் பீரோவை அசைக்கக்கூடாது. கால் இற்றுப்போயிருக்கும் என்று பிரின்ஸ் நினைத்துக்கொண்டான்.

தரையில் பேப்பர் விரிக்க இடம் போதவில்லை. பீரோவை மூன்றடி தள்ளிவிட்டு அடுப்படிக்கு ஓடினான். மாவுக்கூழில் பீட்ரூட் சாறு, முருங்கையிலைச் சாறு, மஞ்சள்தூள் என்று மூன்று கிண்ணம் கலக்கிக் கொடுத்தான். அப்பாடா என்று நிமிர்ந்தால், சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கை.

"ஏட்டி! யாரு வச்சா இத?"

"நான் வைக்கலப்பா. எங்கையி செவப்புல்லா?"

"அப்ப நீயாலே?"

"நானில்ல" என்ற பென்னிக்கு முழங்கை வரை மஞ்சள்.

"பொய் வேறயா? அங்கன போய் உக்காருலே!"

சோப்புப் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. பதறிப்போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தான். சிவப்பு மறுபடி மஞ்சளாகி, கையளவு இருந்தது தாம்பாளம் அளவுக்குப் பரவியது. பக்கத்து வீட்டுப் பரீது பாயிடம் மிச்சச் சுண்ணாம்பை வாங்கிவந்து பூசினான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி எடுக்கிற வீட்டில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆட்டை அறுத்த இடம் மாதிரி ஆகிவிட்டது சுவர்.

"நீங்கதான்ப்பா சூப்பரா பெயிண்ட் பண்ணுதீய" என்றாள் எப்சிபா.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கறை மறையும்படி பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினான்.

குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு நமசிவாயம் வந்தார். பின்னாலேயே மகள் குழல்வாய்மொழி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய ஐந்து வயது மகன். நமசிவாயம் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார்.

"பரவால்லயே! ரெண்டு சின்னப் பிள்ளைய இருக்க வீடுன்னே சொல்ல முடியாது. நீங்களே இருந்துக்கிடுங்க தம்பி."

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி." பிரின்ஸ் பீரோ மேலேயே சாய்ந்து மூச்சுவிட்டான். பிழைத்தோமடா சாமி!

குழல்வாய்மொழி மகனை முன்னால் இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணே, அந்தப் பீரோவக் கொஞ்சம் நகத்துங்களேன். இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுன அன்னைக்கு, இவன் வயசுல நான் வச்ச மஞ்சக் கைய இவன்கிட்ட காட்டத்தான் துபாய்ல இருந்து வந்திருக்கேன்."