கருவாச்சி, செவலச்சி, மொட்டச்சி

"பேரு இருக்கு, அர்த்தம் இருக்கு. செடி எங்க சார்?" என்று தாவரவியல் துறைப் பியூலா கேட்டதும் வெங்கட்ரமணன் தன் அகராதியின் அச்சுப்படியை மறுபடி புரட்டினார்.

வெங்கட்ரமணன் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துபவர். காட்டுப் பழங்களுக்கு ஊர்க்காரர்கள் வழங்கும் பெயர்களை ஏழு வருஷம் அலைந்து சேர்த்து, தொண்ணூற்று நாலு சித்திரையில் அகராதியாக அச்சுக்குக் கொடுத்திருந்தார். அம்பாசமுத்திரத்து மிளகுதக்காளி இன்னோர் ஊரில் மணத்தக்காளி, வேறோர் ஊரில் சுக்குட்டி. இப்படி நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றில் மூன்று மட்டும் யாருமே கேள்விப்படாதவை: கருவாச்சி, செவலச்சி, மொட்டச்சி. மொட்டச்சி என்பது 'மொட்டு' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று முன்னுரையில் இரண்டு பக்கம் நிறுவியிருந்தார்.

மூன்றும் ராதாபுரம் பக்கம் கிடைத்தவை. ஓடைக்கு அக்கரையில் புதர் புதராகப் பழங்கள். இக்கரையில் தொரட்டியோடு நின்ற சுடலைவடிவு என்ற பெண்ணிடம் கைநீட்டிக் கேட்டார்.

"அந்தா கறுப்பாத் தெரியுதே, அதுக்கு என்னம்மா பேரு?"

"கருவாச்சி."

"பக்கத்துல செவப்பா?"

"செவலச்சி. தள்ளி நிக்குதது மொட்டச்சி."

முள்ளுக்குப் பயந்து ஓடையைத் தாண்டாமல், பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. தாவரவியல் பேரை நான் சொல்லிருதேன்" என்றாள் பியூலா.

இரவல் கேமராவோடு பஸ் ஏறினார். அக்கரை மேய்ந்து தீர்த்தது போலக் கட்டாந்தரையாகக் கிடந்தது. ஒரு புதர்கூட இல்லை. சுடலைவடிவு உடன்குடிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுச் சாரம்மாள்தான் அகப்பட்டாள்.

"கருவாச்சியா? அது போயிட்டே சார்வாள்!"

"போயிட்டா?"

"மூணுந்தான். மேலப்பாளையத்துலேர்ந்து ஷேக் மைதீன்னு ஒருத்தரு வேன் கொண்டாந்து ஏத்திட்டுப் போயிட்டாரு."

"முழுசாவா?"

"பின்ன, பாதியாவா கொண்டுபோவாவ? கொம்போட ரெண்டு, மொட்டையா ஒண்ணு. லேசுல அசையல. கயித்தைக் கட்டி நாலு பேரு இழுத்தாவ. சுடலைவடிவு ரெண்டு நாளா சோறு திங்கல்ல, பாவம்."

வெங்கட்ரமணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் எதிரே ஓர் இனமே அழிந்துவிட்டது. அதைக் காத்துவந்த ஒரே பெண் பட்டினி கிடக்கிறாள்!

எஸ்.டி.டி. பூத்திலிருந்து வனத்துறை ரேஞ்சரை அழைத்தார்.

ரேஞ்சர் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கருவாச்சியா? அரிய தாவரங்கள் பட்டியல்லயே இல்லையே சார்."

"நல்லாப் பாருங்க."

"இல்லையே..." ரேஞ்சரின் குரல் மாறியது. "பட்டியல்லயே இல்லேன்னா, எவ்வளவு அரியதா இருக்கணும்!"

ரேஞ்சர் வழியாகச் செய்தி போயிருக்கவேண்டும்; மறுநாள் காலைப் பத்திரிகையைப் பிரித்தவர் திடுக்கிட்டார். 'ராதாபுரத்தில் அபூர்வப் பழச்செடிகள் கடத்தல். தமிழ்ப் பேராசிரியர் கதறல்.' அவர் கதறவே இல்லை. ஆனால் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "தைரியமா இருங்க" என்று தோளைத் தட்டியபோது கண் கலங்கித்தான் போயிற்று. அச்சகத்துக்கு ஓடி, அந்த மூன்று பெயர்களையும் கறுப்புக் கட்டம் கட்டிப் போடச் சொன்னார்.

மத்தியானம் ஜீப் மேலப்பாளையத்துக்குள் நுழைந்தது. ரேஞ்சர், இரண்டு வனக்காவலர்கள், பத்திரிகை நிருபர், பியூலா, நடுவில் வெங்கட்ரமணன். ஷேக் மைதீன் வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காக்கிச்சட்டைகளைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது.

"கருவாச்சி, செவலச்சி, மொட்டச்சி. மூணையும் ராதாபுரத்துலேர்ந்து கொண்டுவந்தது நீருதானே?" என்றார் ரேஞ்சர்.

ஷேக் மைதீனுக்கு முகம் வெளிறியது. "நாந்தான் சார். நான் துபாயிலேர்ந்து வந்தே இருவது நாளுதான் ஆகுது. இங்கன அதுக்கெல்லாம் பாரஸ்ட்ல பெர்மிட் வாங்கணுமா?"

"வாங்காம? எங்கவே வச்சிருக்கீரு?"

"வச்சிருக்க முடியுமா சார்? பெரிய விசேசம்லா..."

"அழிச்சிட்டீரா!" நிருபர் பரபரவென்று எழுதினார்.

வெங்கட்ரமணனால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கைகூப்பினார்.

"பாய், நடந்தது நடந்துபோச்சு. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தாக் குடுங்க. எப்படியாவது தழைக்க வச்சிருவோம்."

ஷேக் மைதீன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி தலையை நீட்டினாள்.

"துண்டுக்கு எங்கன போவ சார்? மூணு ஆட்டையும் அறுத்து நேத்து எங்க மக அஸீலா கல்யாணத்துக்குப் பிரியாணி போட்டதுல, எனக்கே ஒரு எலும்பு கிடைக்கல்லியே!"